கறுப்பினப் பெண்களின் இயற்கைக் கூந்தல்: பராமரிப்பு, வரலாறு, சட்டம்

அமெரிக்காவில் வாழும் கறுப்பினப் பெண்களிடையே ‘இயற்கைக் கூந்தல்’ என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ரசாயனப் பசையால் நேராக்கப்படாமல், பிறந்தபடியே சுருண்டு வளரும் முடியை அது குறிக்கின்றது. நேர்முடி உடைய பெண்கள் தம் முடிக்கு இப்படி ஓர் அடைமொழி சேர்ப்பதில்லை. தலையில் தானாக வளர்வதற்கே அடைமொழி தேவைப்படுகின்றதெனில், அதை மாற்றிக்கொள்வதே வழக்கம் என்னும் நிலை நெடுங்காலம் நிலவியிருக்கின்றது என்று பொருள். அந்த நிலை எவ்வாறு உருவானது, சுருள்முடியை எவ்வாறு பேணுவது, அதன் பொருட்டு வேலையும் கல்வியும் இழந்தோருக்குச் சட்டம் என்ன செய்தது என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகின்றோம்.

சுருள்முடியின் இயல்பு

முடியின் வடிவத்தைத் தீர்மானிப்பது அது முளைக்கும் வேர்ப்பை. வேர்ப்பை நேராகவும் வட்டமாகவும் இருந்தால் முடி நேராக வளரும். வளைந்தும் தட்டையாகவும் இருந்தால் முடி வளைந்து, சுருள்கம்பிபோல் வெளிவரும். ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் பலரின் முடி மிக நெருக்கமான சுருள்களைக் கொண்டது.

இந்த வடிவத்திலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, வறட்சி. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கி நுனிவரை இறங்கிவிடும். சுருளின் ஒவ்வொரு வளைவையும் சுற்றிக் கீழிறங்க அதனால் இயலாது. இரண்டாவது, முறிவு. ஒவ்வொரு வளைவும் ஒரு வலுவற்ற இடம்; சீப்பின் இழுப்பில் முடி அங்கேதான் அறும். இத்தகைய முடி ‘முரட்டு முடி’ என்று இகழப்பட்டாலும், உண்மையில் மிக மென்மையாகக் கையாள வேண்டியது அதுவே. மூன்றாவது, சுருக்கம். நனைந்து உலர்ந்த சுருள்முடி தன் நீளத்தில் பாதிக்கும் மேலாகச் சுருங்கித் தெரிவதுண்டு. தோள்வரை வளர்ந்த முடி காதளவே தெரியும். அதனால்தான் ‘கறுப்பினப் பெண்களுக்கு முடி வளராது’ என்னும் பொய் எளிதில் பரவியது. முடி வளர்கின்றது, முறியாமல் காப்பதே கலை.

முடியை 1 முதல் 4 வரை வகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் எழுத்துகளால் பிரிக்கும் அட்டவணை இன்று பரவலாக வழங்குகின்றது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞரான ஆண்ட்ரே வாக்கர் 1990களில் இதை அறிமுகப்படுத்தினார். 1 என்பது நேர்முடி. 4 என்பது மிக நெருங்கிய சுருள். பொருள்களைத் தேர்ந்தெடுக்க இது ஓரளவு உதவும். ஆயினும் நேர்முடியில் தொடங்கி நெருங்கிய சுருளைக் கடைசியில் நிறுத்தும் இவ்வரிசையைப் பலர் தரவரிசையாகவே படிக்கின்றனர் என்னும் விமர்சனத்தில் நியாயம் உண்டு.

வரலாறு

மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா, வொலொஃப், மெண்டே முதலிய மக்களிடையே கூந்தல் ஓர் அடையாள ஏடு. ஒருவரின் வயது, மணநிலை, குலம், தகுதி ஆகியவற்றைப் பின்னலைக் கண்டே அறியலாம். அடிமை வணிகர்கள் சிறைப்பிடித்தோரின் தலையை மழித்தபோது அந்த ஏடும் அழிக்கப்பட்டது. தோட்டங்களில் அடிமைப்பட்டோருக்குத் தமக்குரிய சீப்போ எண்ணெயோ, தலைவார நேரமோ கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓரளவு ஓய்வு. ஆட்டுக் கம்பளியின் சிக்கெடுக்கும் கருவியைக் கொண்டு தலைவாரியோரும் உண்டு.

1786ஆம் ஆண்டில், அப்போது ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த லூசியானாவில், ஆளுநர் எஸ்தெபான் மிரோ ஓர் ஆணை பிறப்பித்தார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின, கலப்பினப் பெண்கள் தம் கூந்தலை அலங்கரித்து வெளியில் காட்டலாகாது. ‘டினியோன்’ எனப்படும் துணியால் தலையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். விடுதலை பெற்ற பெண்ணையும் அடிமைப் பெண்ணோடு சேர்த்து அடையாளப்படுத்துவதே நோக்கம். அப்பெண்கள் ஆணைக்கு உட்பட்டுத் தலையை மூடினர். ஆனால் வண்ணப் பட்டுத் துணிகளாலும் மணிகளாலும் மூடினர். தாழ்த்துவதற்கென்று இடப்பட்ட துணி நாளடைவில் நாகரிகமாயிற்று.

அடிமைமுறை ஒழிந்த பின்னும் வேலையும் மதிப்பும் நேர்முடியைச் சார்ந்தே இருந்தன. நெருப்பில் சூடேற்றிய உலோகச் சீப்பால் முடியை அழுத்தி நேராக்கும் வழக்கம் வீடுகளில் பரவியது. இக்காலத்தில் எழுந்த இரு பெண் தொழில்முனைவோர் குறிப்பிடத்தக்கவர்கள். ஆனி டர்ன்போ மலோன் 1918இல் செயின்ட் லூயி நகரில் ‘போரோ கல்லூரி’யை நிறுவினார். முதலில் அவருடைய பொருள்களை விற்ற சாரா பிரீட்லவ், பின்னர் மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயரில் தனி நிறுவனம் கண்டார். 1867இல் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்த அவர், 1919இல் இறக்கும்போது நாட்டின் பெருஞ்செல்வப் பெண்களுள் ஒருவர். இவர்களுடைய தொழில் நேர்முடி மோகத்தை வளர்த்தது என்பர் சிலர். வீட்டுவேலையையும் துணி வெளுப்பதையும் தவிர வேறு வழியற்றிருந்த பல்லாயிரம் கறுப்பினப் பெண்களுக்கு அது சொந்த வருவாயைத் தந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் எழுத வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ‘ரிலாக்ஸர்’ எனப்படும் ரசாயனப் பசை வந்தது. அதன் முக்கியப் பொருள் சோடியம் ஹைட்ராக்சைடு. நாம் காஸ்டிக் சோடா என்றழைக்கும் அதே காரம். முடியின் கெரட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது நிலையாக உடைத்துவிடும். நேரானது நேரானதே, ஆனால் வேரிலிருந்து புதிதாக வளர்வது மீண்டும் சுருளாகவே வரும். ஆகவே சில வாரங்களுக்கொருமுறை பசையை மீண்டும் பூச வேண்டும். தலைத்தோல் வெந்து புண்ணாவதைச் சிறுமிப் பருவம் முதலே பழகிக்கொண்டோர் பலர்.

1960களில் கறுப்பின விடுதலை இயக்கங்களோடு ‘ஆஃப்ரோ’ எனப்படும் வட்டக் கூந்தல் எழுந்தது. நேராக்காமல், மறைக்காமல், வளர்ந்தபடியே விட்ட முடி ஓர் அரசியல் கூற்றாயிற்று. 1970இல் ஏஞ்செலா டேவிஸ் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டு அவருடைய படம் நாடெங்கும் ஒட்டப்பட்டபோது, ஆஃப்ரோ வைத்திருந்த ஒரே காரணத்துக்காகப் பல பெண்கள் காவலர்களால் நிறுத்தப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளில் ரசாயனப் பசை மீண்டும் கோலோச்சியது. 2000க்குப் பின், இணையத்தின் வழியே பெண்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்ததில் இயற்கைக் கூந்தல் இரண்டாம் முறையாக எழுச்சி கண்டது.

அன்றாடப் பராமரிப்பு

சுருள்முடியைப் பேணும் முறை நேர்முடிக்குரிய பழக்கங்களுக்குப் பெரும்பாலும் எதிரானது. அடிப்படைகளை இங்கே தருகின்றோம்.

கழுவுதல்: நாள்தோறும் கழுவினால் இருக்கும் சிறிதளவு எண்ணெயும் போய்விடும். வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ கழுவுவது பெரும்பாலோருக்குப் போதும். நுரை மிகுந்த கடும் ஷாம்பூக்களைத் தவிர்த்து, தலைத்தோலில் மட்டும் தேய்த்து, நுரையை முடியின் வழியே இறங்கவிட வேண்டும்.

சிக்கெடுத்தல்: உலர்ந்த சுருள்முடியில் சீப்பை வைக்கலாகாது. முடியை நான்கு முதல் எட்டுப் பிரிவுகளாக வகிடெடுத்துப் பிரித்து, நனைத்து, காண்டிஷனரை நிறையப் பூசி, முதலில் விரல்களாலும் பின்னர் அகலப்பல் சீப்பாலும் சிக்கெடுக்க வேண்டும். நுனியில் தொடங்கிப் படிப்படியாக வேரை நோக்கி ஏற வேண்டும். வேரிலிருந்து கீழே இழுத்தால் சிறு சிக்குகள் சேர்ந்து முடிச்சாகி முடி அறும்.

ஈரம் காத்தல்: முடிக்கு ஈரம் தருவது நீர், எண்ணெய் அந்த ஈரத்தை உள்ளே பூட்டுகின்றது. இந்த வேறுபாட்டை அறியாமல் உலர்ந்த முடியில் எண்ணெயை மட்டும் பூசினால் மினுமினுப்பு வரும், வறட்சி தீராது. ஈரமுள்ள முடியில் நீர்கலந்த காண்டிஷனர், அதன்மேல் எண்ணெய், அதன்மேல் குழைவான கிரீம் என்னும் வரிசை பலருக்கும் பயன்படுகின்றது. மேற்கு ஆப்பிரிக்க மரக்கொட்டையிலிருந்து எடுக்கப்படும் ஷியா வெண்ணெய், கரீபியத் தீவுகளில் வறுத்துக் காய்ச்சப்படும் விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவை வழக்கமானவை.

இரவுக் காப்பு: பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சி, முடியை உரசி முறிக்கும். ஆகவே உறங்கும்போது பட்டு அல்லது சாட்டின் துணியால் தலையைக் கட்டுவர்.

ரசாயனத்திலிருந்து மீளுதல்: இதற்கு இரு வழிகள் உண்டு. நேராக்கிய பகுதியை முழுதும் வெட்டி, குட்டை முடியோடு புதிதாகத் தொடங்கலாம். இல்லையேல் வளரவிட்டு, நுனியைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வரலாம். இரண்டாம் வழியில் சுருளும் நேரும் சந்திக்கும் இடம் எளிதில் அறும். அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

பின்னல் வகைகள்

முறுக்குப் பின்னல்: ஈரமுடியை இரண்டு இழைகளாகப் பிரித்து ஒன்றோடொன்று முறுக்குவது. முழுதும் உலர்ந்தபின் பிரித்தால் ஒழுங்கான அலைச் சுருள்கள் கிடைக்கும். அரைகுறை ஈரத்தில் பிரித்தால் வடிவம் நில்லாது.

பாண்டு முடிச்சு: முறுக்கிய சிறு சிறு பிரிவுகளைத் தன்மீதே சுற்றிக் குட்டிக் கொண்டைகளாக்குவது. அப்படியே வைத்துக்கொள்ளலாம், பிரித்தும் விடலாம்.

வரிப்பின்னல்: தலைத்தோலை ஒட்டியபடி மூன்று இழைகளால் பின்னிக்கொண்டே, ஒவ்வொரு பின்னலிலும் கீழுள்ள முடியைச் சேர்த்துச் செல்வது. வரிசையாக நட்ட சோளக்காட்டை ஒத்திருப்பதால் ஆங்கிலத்தில் அப்பெயர் பெற்றது.

கட்டப்பின்னல்: தலையைச் சிறு சதுரங்களாக வகிடெடுத்து, ஒவ்வொரு சதுரத்திலும் தனிப்பின்னல் இடுவது. பெரும்பாலும் செயற்கை முடி சேர்க்கப்படும். பின்னி முடிக்கப் பல மணி நேரமாகும். ஆறு முதல் எட்டு வாரங்களில் அவிழ்த்துவிடுவது நலம்.

சடைமுடி: முறுக்கிய முடி தன்னுள் பிணைந்து கயிறுபோல் இறுகும்வரை மாதக்கணக்கில் வளர்ப்பது. இதைக் கழுவுவதில்லை, ஆகவே அழுக்கு என்பது வெறும் கற்பிதம். சடைமுடியும் மற்ற முடியைப் போலவே கழுவப்படுகின்றது. நன்கு உலர்த்துவது மட்டும் கூடுதல் கவனத்துக்குரியது.

இவற்றுள் பலவும் ‘காப்புப் பின்னல்கள்’ எனப்படும். நுனிகளை உள்ளே அடக்கி, சீப்பும் உரசலும் படாமல் காப்பதால் அப்பெயர். ஆனால் பின்னல் இறுக்கமாயிருந்தால் காப்பே கேடாகும். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி தொடர்ந்து இழுபட்டால் அவ்விடங்கள் வழுக்கையாகத் தொடங்கும். தொடக்கத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி மீளும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர்ப்பையே தழும்பாகிவிடும். பின்னியபின் வலித்தால், சிறு கொப்புளங்கள் எழுந்தால், அன்றே தளர்த்த வேண்டும். அழகுக்காக வலியைப் பொறுக்க வேண்டும் என்று சிறுமிகளுக்குச் சொல்வதை நாம் நிறுத்தியாக வேண்டும்.

நேராக்கும் பசையும் நோயும்

2022இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். 35 முதல் 74 வயதுவரையிலான 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாத பெண்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு எனவும், ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியோருக்கு 4.05 விழுக்காடு எனவும் மதிப்பிடப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகின்றதே தவிர, காரணத்தை முற்றாக நிறுவவில்லை. எனினும் அவ்வாய்வில் இப்பொருள்களைப் பயன்படுத்தியதாகக் கூறியோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கறுப்பினப் பெண்கள். வேலைக்குச் செல்ல நேர்முடி வேண்டும் என்னும் எழுதாத விதியின் சுமை யார் உடலில் இறங்குகின்றது என்பதை இந்த எண் சொல்கின்றது.

சட்டத்தின் பாதை

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இனத்தின் பேரால் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. கூந்தல் இனத்தின் பகுதியா என்பதே அதன்பின் எழுந்த வழக்குகளின் மையம்.

1976இல் ஜென்கின்ஸ் வழக்கில், ஆஃப்ரோ வைத்ததற்காக உயர்வு மறுக்கப்பட்டதாகக் கூறிய பெண்ணின் முறையீட்டை இனப் பாகுபாட்டு முறையீடாகவே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1981இல் ரோஜர்ஸ் எதிர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் வரிப்பின்னலுக்குப் பாதுகாப்பு மறுத்தது. பின்னல் இயற்கையாக வளர்வதன்று, செயற்கையாகச் செய்துகொள்வது. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வாதம். ஒரு திரைப்படத்தில் வெள்ளையின நடிகை ஒருவர் அப்பின்னலைப் பரப்பியதும் வழக்கில் சுட்டப்பட்டது. ஆப்பிரிக்க மரபின் பின்னலுக்கு வெள்ளையின நடிகையின் வழியே வரலாறு எழுதப்பட்ட விந்தை அது.

2010இல் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வழங்கப்பட்ட வேலை, சடைமுடியை வெட்ட மறுத்ததால் திரும்பப் பெறப்பட்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மாற்ற இயலாத இயல்புகளுக்கே சட்டம் பொருந்தும் என்று கூறி அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014இல் அமெரிக்க இராணுவ விதிகள் சில பின்னல்களை இழிசொற்களால் குறித்துத் தடைசெய்தன. கடும் எதிர்ப்புக்குப் பின் அச்சொற்கள் நீக்கப்பட்டு, 2017இல் சடைமுடியும் அனுமதிக்கப்பட்டது.

நீதிமன்றங்கள் மூடிய கதவைச் சட்டமன்றங்கள் வழியே திறக்க எழுந்ததே ‘கிரௌன்’ சட்டம். கிரௌன் என்றால் மணிமுடி. 2019 ஜூலையில் கலிஃபோர்னியா முதலில் இதை இயற்றியது. இனத்தோடு வரலாற்று வழியில் தொடர்புடைய முடியின் தன்மையும் பின்னல், முறுக்கு, சடைமுடி ஆகியவையும் இனம் என்னும் சொல்லுக்குள் அடங்கும் என்று அது வரையறுத்தது. பின்னர் 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுமைக்குமான மசோதா 2022இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் மேலவையில் நிறைவேறவில்லை. டெக்சாஸில் இச்சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அதே வாரத்தில், சடைமுடி வளர்த்த பள்ளி மாணவர் ஒருவர் வகுப்பிலிருந்து விலக்கப்பட்டார். பின்னலின் வகையைத்தான் சட்டம் காக்கின்றது, நீளத்தையன்று என்று 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் கூறிவிட்டது. ஒரு சொல் விடுபட்டால் உரிமை எங்கே ஒழுகிப்போகும் என்பதற்கு இது சான்று.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி முடியைக் கொண்டே மக்களின் இனத்தை முத்திரையிட்டது. முடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுந்தால் வெள்ளையர், விழாமல் நின்றால் அல்லர் என்பதே சோதனை. அந்த ஆட்சி வீழ்ந்து இருபதாண்டுகளுக்கு மேலான பின், 2016 ஆகஸ்டில், பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவியர் தம் இயற்கை முடியை அடக்கச் சொன்ன விதிகளை எதிர்த்துப் போராட நேர்ந்தது.

பின்னும் கைகளும் மழிக்கும் கைகளும்

பின்னல் ஓர் உழைப்பு. தாய் மகளுக்குக் கைமாற்றித் தந்த இக்கலையைத் தொழிலாகச் செய்ய, அமெரிக்க மாநிலங்கள் பல அழகுக்கலை உரிமம் கேட்டன. கலிஃபோர்னியாவில் அதற்கு 1,600 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது. அப்பயிற்சியிலோ பின்னல் கற்பிக்கப்படவில்லை. 1999இல் கூட்டாட்சி நீதிமன்றம் இவ்விதி பின்னுவோருக்குப் பொருந்தாது என்றது. மறுபுறம், அதே பயிற்சி நிலையங்களில் உரிமம் பெற்று வந்தோர் பலருக்குச் சுருள்முடியைக் கையாளத் தெரியாது. கறுப்பினப் பெண் அவர்களுடைய நிலையத்துள் நுழைந்தால், எங்களுக்கு இது பழக்கமில்லை என்னும் விடையே கிடைக்கும். 2023இல் நியூயார்க் மாநிலம் எல்லா வகை முடியையும் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சட்டமியற்றியது.

நம் ஊர்களில் முடிதிருத்தகத்தின் நாற்காலி தலித் மக்களுக்கு மறுக்கப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். பல கிராமங்களில் அது இன்னும் முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல. அங்கே கற்காமல் விட்டதால் மறுப்பு. இங்கே தொடக்கூடாது என்பதால் மறுப்பு. ஆயினும் நாற்காலியில் உட்கார முடியாமல் திரும்பும் மனிதருக்கு இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

இன்னொரு கண்ணி நேரடியானது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் வாங்கும் சவுரிமுடியிலும் பொய்முடியிலும் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து செல்கின்றது. திருமலையில் காணிக்கையாக மழிக்கப்படும் முடி நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடப்படுகின்றது. வீடு வீடாகச் சென்று சீப்பில் உதிர்ந்த சிக்குமுடியை வாங்குவோரும், அதைச் சிக்கெடுத்துக் கற்றையாக்கும் பெண் தொழிலாளர்களும் இச்சங்கிலியின் அடியில் இருக்கின்றனர். முடியைத் தந்தவருக்குப் பணமில்லை. சிக்கெடுப்பவருக்குச் சொற்பக் கூலி. மறுமுனையில் வாங்குபவருக்கோ பெருஞ்செலவு. தமிழ்நாட்டுக் கோயில்களில் மொட்டையடிக்கும் தொழிலாளர்கள் நீண்ட காலம் நிலையான ஊதியமின்றி உழைத்தனர். 2021இல்தான் மாநில அரசு மொட்டைக் கட்டணத்தை நீக்கி, அவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. முடியைத் தொடும் கை தீட்டு என்றும், அதே முடி ஏற்றுமதிச் சரக்கு என்றும் ஒரே சமூகம் சொல்ல முடிகின்றது.

கறுப்பினப் பெண் ஒருவர் முடியை நேராக்குவதும், பின்னுவதும், சவுரி வைப்பதும், மழிப்பதும் அவருடைய விருப்பம். இயற்கைக் கூந்தலை இன்னொரு கட்டாயமாக்குவது விடுதலையாகாது. இப்போது தேவைப்படுபவை தெளிவானவை: நீளத்தையும் உள்ளடக்கிய முழுமையான சட்டப் பாதுகாப்பு, முடிப் பொருள்களில் கலந்துள்ளவை பற்றிய கட்டாய அறிவிப்பு, எல்லா முடியையும் கையாளக் கற்பிக்கும் பயிற்சி நிலையங்கள், முடியைச் சார்ந்து பிழைக்கும் கடைநிலைத் தொழிலாளருக்கு நியாயமான ஊதியம். இவை நிறைவேறும் நாளில் ஒரு பெண் காலையில் கண்ணாடி முன் நிற்கும்போது, தன் முடியால் வேலை போகுமோ என்று எண்ணாமல், இன்று எப்படிப் பின்னலாம் என்று மட்டும் எண்ணுவார்.